தங்கபுஷ்பம் தந்த ஜெபக்குறிப்பு

எதிரே இருக்கிறவரின் முகத்தைப் பார்க்காதீர்கள், முகம் பொய் சொல்லும், மூச்சையும் தோளையும் பாருங்கள் என்று எனக்கு முதலில் சொன்னது பக்கிரிசாமி மாஸ்டர். என் மகள் எப்சிபா ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம். உங்களுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டீர்களே, அதற்குத்தான் சொல்கிறேன். மந்திரமெல்லாம் இல்லை அம்மா. திருச்சியில் பஸ் ஏறினதிலிருந்து வலது பக்கத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடப் படவிடாமல் குடிக்கிறீர்கள். டிக்கெட் கேட்டபோது நாகர்கோவில் என்பதை வாயைத் திறக்காமலே சொன்னீர்கள். இந்தாருங்கள், கிராம்பு. மெல்ல வேண்டாம். சும்மா ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கிரிசாமி மாஸ்டர் எங்கள் பொன்மலைப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்குகிறவர். ஆமாம், பாக்சிங்தான். இந்தப் போனில் காக்கி உடுப்பில் நிற்கிறாளே, அவள்தான் எப்சிபா. ஆறு வருஷம் பழகினாள். மூத்தவன் யோசுவா, அவன் திருப்பூரில் இருக்கிறான், அவனுக்கு இதெல்லாம் ஆகாது.

பொம்பளைப் பிள்ளையைத் தனியாக விடாதே, நீயும் போய் உட்காரு என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அதனால் சாயங்காலம் நாலரை மணிக்கு நானும் போவேன். முறத்தில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். மாஸ்டர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சொல்வார்.

"எவளாவது மொறைச்சா பயப்படாதீங்க. மொறைக்கிறவள்ல பாதிப் பேரு உள்ளுக்குள்ள நடுங்கிட்டிருப்பா. மூச்சப் பாருங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி மூச்சு நிக்கும். வலி இருக்கிற எடத்துக்குக் கை தன்னால போகும். போகலன்னா, போகக் கூடாதுன்னு புடிச்சு வெச்சிருக்கா. அதுவும் தெரியும்."

பிள்ளைகளுக்குச் சொன்னது. என் காதிலும் விழுந்தது. பிள்ளைகளைவிட எனக்குத்தான் சீக்கிரம் பிடிபட்டது என்று மாஸ்டரே சொல்வார். நான் எட்டாவதுவரை படித்தவள். இதற்குப் படிப்பு எதற்கு? இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தால் போதாதா?

ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து சில பிள்ளைகள் வந்திருந்தார்கள், ஒரு சின்னப் போட்டிக்கு. "அந்த ஊதா பனியன் போட்ட பிள்ளை காலையிலேருந்து சாப்பிடல மாஸ்டர், பாவம்" என்றேன். உதடு காய்ந்திருந்தது, கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்திருந்தது, யாருக்குத்தான் தெரியாது. மாஸ்டர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு எப்சிபாவிடம் போய் ஏதோ சொன்னார். எப்சிபா அந்தப் பிள்ளையை நிற்கவிடாமல் ஓட ஓட விரட்டினாள். இரண்டாவது ரவுண்டில் அது கால் துவண்டு உட்கார்ந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு எக்ஸ்ரே அம்மா என்று பேர். எந்த ஊருக்குப் போட்டிக்குப் போனாலும் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து குனிவார்.

"எக்ஸ்ரே அம்மா, அந்தச் செவப்பு ஹெல்மெட்டு என்ன சொல்லுது?"

"காய்ச்சல் வந்து எழுந்த பிள்ளை மாதிரி இருக்கு மாஸ்டர்."

"எத்தன நாளு இருக்கும்?"

"ரெண்டு நாளு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஊசி போட்டிருக்காளா, மாத்திரையோட நிறுத்திட்டாளா?" என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். பேச்சுதானே.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்துச் சொன்னதில்லை. பார்த்ததைச் சொன்னேன். தோற்றுப் போகிற பிள்ளைகளுக்காகவும் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுவேன். ஊதா பனியன் பிள்ளைக்காக ஒரு வாரம் பண்ணினேன்.

நீங்கள் குங்குமம் வைத்திருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் குடும்ப ஜெபம் என்று ஒன்று உண்டு. வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் முழங்கால் போட்டு, கண்ணை மூடிக்கொள்வோம். ஒருத்தர் வாய்விட்டு ஜெபிப்பார், மற்றவர்கள் கடைசியில் ஆமென் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தர் நான்தான். பிள்ளைகளின் அப்பாவுக்கு ஜெபத்தில் பேச்சு வராது. பிள்ளைகளிடம் நேருக்கு நேர் சொன்னால் சண்டை வரும் என்கிற சங்கதிகளையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லிவிடுவேன். "ஆண்டவரே, எப்சிபா போனை ஒளித்துவைத்துப் பார்க்கிறாள், தலையணை உறைக்குள் வைக்கிறாள், நீர் அவளோடு பேசும்" என்பேன். யோசுவா மூடிய கண்ணைத் திறக்காமலே, "தலையணை உறைன்னு ஆண்டவருக்குத் தெரியும்மா, நீ எங்ககிட்டதான சொல்ற" என்பான். அவன் அப்படித்தான், சின்ன வயசிலிருந்தே வாய்த்துடுக்கு. ஆனால் பாருங்கள், மறுநாள் போன் தலையணைக்குள் இருக்காது. ஜெபத்துக்குப் பலன் உண்டு.

இன்னொன்று, ஜெபக்குறிப்பு. ஒருத்தருக்கு ஒரு கஷ்டம் என்றால், நம்பிக்கையான இன்னொருத்தரிடம் அதைச் சொல்லி, எனக்காக ஜெபியுங்கள் என்பார்கள். வாங்கிக்கொண்டால் ஜெபித்தே ஆகவேண்டும். வாங்கி வைத்துவிட்டு மறந்தால் அது பெரிய தப்பு. நான் ஒருநாளும் மறந்ததில்லை.

இப்போது பியூலாவைப் பற்றிச் சொல்கிறேன். வள்ளியூர்ப் பக்கத்துப் பிள்ளை. எப்சிபாவின் எடைப் பிரிவுதான். எப்சிபா அதற்கு முன்னால் இரண்டு தடவை அவளிடம் தோற்றிருந்தாள். அந்தப் பிள்ளையை யாராலும் படிக்க முடியாது. அடி விழுந்தாலும் கண் இமைக்காது. மூச்சு வருகிறதா போகிறதா, தெரியாது. நானும் எத்தனையோ நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பசியா, பயமா, தூக்கமா, ஒன்றும் கிடைக்காது. "அது செவரும்மா" என்பார் மாஸ்டர். "செவத்துல என்னத்தப் படிக்கிறது?" எப்சிபா வீட்டுக்கு வந்து, "அவ என்னப் பாக்கிறப்ப அங்க நான் இல்லாத மாதிரி இருக்கும்மா" என்பாள். அதைச் சொல்லிவிட்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

எப்சிபாவுக்கு இருபது வயசில், சேலத்தில் மாநிலப் போட்டி வந்தது. அதில் தங்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழி இருந்தது. அவள் அப்பாவுக்கு அப்போதுதான் கை நடுக்கம் வந்து லேத்துப் பட்டறைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அதனால் இந்த ஒரு போட்டிதான் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் ஜெபத்தில் மட்டும் சொல்வேன்.

சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்துக்கொள்வது. இந்தப் பிள்ளைகளுக்கு எடை ஒரு கண்டம் அம்மா, கூடினால் போட்டியில் நிற்க விடமாட்டார்கள். எடை பார்க்கிற வரைக்கும் தண்ணீரைக்கூட வாயில் வைத்துத் துப்புவார்கள். அவர்கள் முன்னால் நாம் எப்படிச் சாப்பிடுவது? நான் இட்லிப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு அம்மாள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள்.

"நீங்களும் ஒளிஞ்சுதான் திங்கியளாக்கும்" என்றாள்.

"பிள்ளைங்க முன்னாடி எப்படிங்க..."

"எம் பிள்ள மூக்கு சும்மா மூக்கு இல்லக்கா. சாம்பார் வாசம் வந்தா, தின்னியான்னு கேப்பா. அதான் நான் வெறும் பொடி வச்சுத் திங்கேன். இரிங்க, இங்கன எறும்பு இல்ல."

சாப்பிடும் முன்னால் நான் கண்ணை மூடி ஜெபித்ததைப் பார்த்துவிட்டு, "எந்தச் சபைக்கா?" என்று கேட்டாள். பேர் தங்கபுஷ்பம். பியூலாவின் அம்மா. எப்சிபா என் மகள் என்று நானும் உடனே சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, சிரித்துவிட்டாள்.

"அப்ப நம்ம பிள்ளைய ரெண்டும் மேல அடிச்சுக்கிடட்டும். நாம கீழ இட்லியப் பிச்சுக்கிடுவோம்."

மறுநாளும் அதே இடத்தில்தான் சாப்பிட்டோம். அன்று அரையிறுதி. அவள் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"யக்கா, ஒரு ஜெபக்குறிப்பு. யாருகிட்டயும் சொல்லிராதிய. ஆண்டவருகிட்ட மட்டும் சொல்லுங்க."

"சொல்லு தங்கபுஷ்பம்."

"பிள்ளைக்கு எடது கண்ணு தெரியலக்கா. மூணு மாசம் ஆச்சு. பழகும்போது ஒரு அடி. மொதல்ல புகை மாதிரின்னு சொன்னா, இப்பம் திரையை இழுத்து விட்ட மாதிரி இருக்குன்னு சொல்லுதா. டாக்டர் ஆபரேசன் பண்ணணும், இனிம ஒரு அடி படக் கூடாதுன்னுட்டாரு. எங் கால்ல விழுந்துட்டாக்கா. இது ஒண்ணு மட்டும்மா, வேலைக்கு வழி பண்ணிட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வாரேன்னு. அவ அப்பா இல்ல. நான் என்ன செய்ய?"

"இங்க ஒரு டாக்டரம்மா கண்ணெல்லாம் பாத்தாங்களே?"

"செவத்துல எழுத்து ஒட்டிருக்குல்லா, அதை முன்ன போன பிள்ளகிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிட்டா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தின நாள் போட்டியில் பியூலா முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சண்டை போட்டாள். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "திமிரப் பாத்தீங்களா, நேராப் பாக்கக்கூட மாட்டேங்குறா" என்றார். நானும் திமிர் என்றுதான் நினைத்தேன். இருக்கிற ஒரு கண்ணை நடுவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது அந்தப் பிள்ளை. நான் எக்ஸ்ரே அம்மா.

தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து, கண்டிப்பாக ஜெபிக்கிறேன் என்றேன். அவள் கையெல்லாம் இட்லிப் பொடி.

அன்று சாயங்காலம் பியூலாவும் ஜெயித்தாள், எப்சிபாவும் ஜெயித்தாள். இறுதிப் போட்டியில் இவர்கள் இரண்டு பேரும்தான் என்று ஆகிவிட்டது. அந்தச் சாயங்காலம் நான் பியூலாவுக்காக மனதுக்குள் ஜெபித்தேன். மனதுக்குள்தான்.

மறுநாள் காலையில் எடை பார்த்து முடித்து, எப்சிபா கஞ்சி குடித்துவிட்டு வகுப்பறையில் படுத்திருந்தாள். பத்து மணி இருக்கும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்திருந்தாள்.

"அம்மா, பயமா இருக்கு" என்றாள்.

"என்னத்துக்கு?"

"அவகிட்ட ஒண்ணுமே தெரியலம்மா. ரெண்டு நாளா பாக்கிறேன். எங்க அடிக்கிறதுன்னு தெரியல. நீ என்ன பாத்த?"

சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் இல்லையா. "ஜெபிப்போம், எழுந்திரு" என்றேன். எழுந்து முழங்கால் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால்தான் எனக்கு ஜெபம் வரும்.

எப்சிபாவுக்குப் பெலன் தாரும் என்று ஜெபித்தேன். அவள் அப்பாவின் கைக்காக ஜெபித்தேன். பிறகு பியூலாவுக்காக. "கர்த்தாவே, அந்தப் பிள்ளையின் வலது கண்ணை... இல்லை ஆண்டவரே, இடது கண்ணை, பார்வையில்லாத அந்த இடது கண்ணை நீர் தொட்டருளும். அந்தப் பக்கத்திலிருந்து என்ன வருகிறது என்று தெரியாமல் நிற்கிற பிள்ளையை நீர் காத்தருளும்."

முதலில் வலது என்று வாய் தவறி வந்துவிட்டது. அதனால் திருத்தினேன். ஜெபத்தில் தப்பாகச் சொல்லக் கூடாது, இல்லையா? முந்தின நாள் மனதுக்குள் ஜெபித்தபோது சரியாகத்தான் வந்தது.

அன்றைக்கு மட்டும் ஏன் வாய்விட்டு என்று கேட்பீர்கள். மனசு நிறைந்திருந்தது. மனசு நிறைந்தால் சத்தம் தானாக வரும். நான் ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னேன். தங்கபுஷ்பம் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள், அப்படித்தான் செய்தேன்.

ஆமென் என்றேன். எப்சிபா ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், அவள் எனக்கு முன்னாலேயே கண்ணைத் திறந்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் யாரோ பின்னக் கணக்குப் போட்டுப் பாதியில் விட்டிருந்தார்கள்.

மூன்று மணிக்குப் போட்டி. மேலே, பார்க்க வந்தவர்கள் உட்காரும் படியில், தங்கபுஷ்பம் எனக்குப் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

பியூலாவின் இடது கைக் குத்து விஷம், அந்தக் கைப் பக்கம் போகவே கூடாது என்பது மாஸ்டரின் ஏற்பாடு. முதல் ரவுண்டில் எப்சிபா அப்படியே விலகி விலகிச் சுற்றினாள். அடி வாங்கினாள். மணி அடித்ததும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் தண்ணீர் கொடுத்து முகத்துக்கு நேரே ஏதோ கத்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான். காலையிலிருந்து பாயிலும் படியிலும் உட்கார்ந்து எனக்குக் கழுத்துப் பிடித்திருந்தது. தலையை அசைத்திருப்பேனோ என்னவோ.

இரண்டாவது ரவுண்டில் எப்சிபா போகக் கூடாத பக்கம் போனாள். "எங்கடி போற, அந்தப் பக்கம் போகாத" என்று மாஸ்டர் கத்துகிறார். அவள் வலப்பக்கமாகவே நகர்ந்து, வலது கையையே வீசினாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் பியூலாவின் இடது பக்கத்தில். பியூலா விலகவே இல்லை. வருகிறது தெரிந்தால்தானே விலக? முதல்தடவையாக அந்த முகத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. வலி இல்லை, பயமும் இல்லை. ஆச்சரியம். யாரு அடிக்கிறா என்கிற மாதிரி.

"ஜெபிங்கக்கா, ஜெபிங்கக்கா" என்றாள் தங்கபுஷ்பம். என் விரல்களை நெரித்துக்கொண்டே சொன்னாள்.

ஜெபித்தேன்.

நடுவர் ஒருதடவை நிறுத்தி எட்டுவரை எண்ணினார். பியூலா தலையை ஆட்டி, எனக்கு ஒன்றுமில்லை என்று கையைத் தூக்கிக் காட்டினாள். மூன்றாவது ரவுண்டும் நடந்தது. எப்சிபாவின் கையைத்தான் தூக்கினார்கள்.

தங்கபுஷ்பம் கீழே ஓடினாள். நானும் பின்னால் போனேன். பியூலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "ம்மா, இந்தப் பக்கம் முழுசாப் போயிட்டும்மா" என்றாள். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் மாஸ்டர் எப்சிபாவின் முதுகில் தட்டி, "எப்படிடி கண்டுபிடிச்ச? எனக்கே தெரியலையே" என்று கேட்கிறார். "பாத்தேன் மாஸ்டர்" என்றாள் எப்சிபா. "எக்ஸ்ரேவுக்குப் பொறந்தது எக்ஸ்ரேதான்" என்றார் மாஸ்டர். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எப்சிபா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ராசிபுரம் தாண்டினதும் கேட்டாள்.

"அம்மா, நீ ஜெபிச்சியா, இல்ல எங்கிட்ட சொன்னியா?"

"ஜெபிச்சேன்."

"சரி."

நாமக்கல்லில் இறங்கி டீ குடித்தோம். அவள் அதற்குப் பிறகு அதைக் கேட்டதே இல்லை. ஆறு வருஷம் ஆகிறது.

பியூலாவை மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு தடவை ஆபரேஷன் பண்ணினார்கள். இடது கண் வரவில்லை. எப்சிபாவுக்கு வேலை கிடைத்தது. அதோடு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டாள், டிபார்ட்மெண்டில் கூப்பிட்டும் போகவில்லை. ஸ்டேஷனில் யார் பொய் சொன்னாலும் அவளுக்கு உடனே தெரிந்துவிடும் என்று அவளோடு வேலை பார்க்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். வீட்டில் என்னிடம் நல்லபடியாகத்தான் இருக்கிறாள். எனக்கு மாத்திரை வாங்கித் தருவது, அப்பாவைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள்தான். குடும்ப ஜெபத்துக்கு மட்டும் வருவதில்லை. நான் முழங்கால் போட்டால் எழுந்து போய் வாளியில் தண்ணீர் பிடிப்பாள்.

நானும் சத்தமாக ஜெபித்து ஆறு வருஷம் ஆகிறது. சத்தம் வருவதில்லை. உதடு மட்டும் அசையும். சபையில் பாஸ்டர், சகோதரிக்கு எவ்வளவு அமைதலான ஆவி, பாருங்கள் என்று மற்றப் பெண்களுக்கு என்னைக் காட்டிச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகையும் வரவில்லை. ஒருதடவையாவது அழுதிருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது. கடித்தாலும் தெரியாது.

தங்கபுஷ்பம் மாதம் ஒருதடவை போன் பண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும். புதுசாக ஏதாவது ஜெபக்குறிப்பு கொடுப்பாள், வீட்டு ஓடு, பசுமாடு, தம்பி மகன் பரீட்சை என்று. ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன வருஷம் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஒரு கண்ணு போனா மத்த கண்ணும் போயிரும்னு பயங்காட்டுனாவ. போகலியேக்கா. அன்னைக்கு எங் கையப் புடிச்சுக்கிட்டு நீங்க பண்ணுன ஜெபந்தான். எம் பிள்ளைக்கு ஒரு கண்ண மிச்சம் வச்சது நீங்கதான்."

நான் போனை வைத்துவிட்டு அரிசி களைந்தேன். களைந்த தண்ணீரை மறுபடியும் அரிசியிலேயே ஊற்றிவிட்டேன்.

பியூலா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். நாளைக் காலையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காற்றாலையில் வேலை செய்கிறார், நல்ல பிள்ளையாம், கண்ணைப் பற்றிச் சொல்லித்தான் முடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பெண் கோவிலுக்குப் புறப்படும் முன்னால் வீட்டில் ஒருத்தர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவார்கள். அந்த ஜெபத்தை நான்தான் பண்ண வேண்டும் என்று தங்கபுஷ்பம் ஒரே பிடியாக நிற்கிறாள். "வேற யாரு கையும் எம் பிள்ள தலையில படக் கூடாது. நீங்க வாங்க. வாய்விட்டுப் பண்ணணும், வீடு நெறைய ஆளு இருக்கும்" என்றாள்.

எப்சிபாவிடம் போய்ச் சொன்னேன். பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயும் வர்றியா?"

"நான் வரல. நீ போ."

"ஜெபம் பண்ணச் சொல்றாங்கடி."

பிரஷை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து முகத்தைப் பார்த்தாள். "போனா சொல்லிரும்மா. சொல்லாட்டி அங்க ஜெபிக்காத" என்றாள். மறுபடியும் பிரஷை எடுத்துக்கொண்டாள்.

எதைச் சொல்லச் சொல்கிறாள்? நான் ஜெபித்தேன். அவள் கேட்டாள். கேட்டதைக் கொண்டு அவள் அடித்தாள். இதில் நான் சொல்லுகிறதற்கு என்ன இருக்கிறது என்று பஸ் ஏறும்வரை நினைத்துக்கொண்டுதான் வந்தேன். துவரங்குறிச்சி வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். உங்களிடம் சொல்லச் சொல்ல, அந்த வலது, இல்லை, இடது என்று திருத்தின இடம் வந்தபோது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். உங்கள் மூச்சு நின்றது. எனக்கு அது தெரியும்.

பரவாயில்லை. நீங்கள் பார்த்தது நல்லதுதான்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இந்த வழியில் நான் இதற்கு முன்னால் இரண்டு தடவை புறப்பட்டிருக்கிறேன். பியூலா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மதுரை வரைக்கும் போனேன், பழம் வாங்கினேன், அந்தப் பழத்தோடு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னொரு தடவை அவர்கள் வீட்டுக்கு ஓடு மாற்றி ஜெபம் வைத்தார்கள், கூப்பிட்டார்கள். வள்ளியூரில் கண்டக்டர் மூன்று தடவை கூப்பிட்டார். கேட்டது. கால் எழவில்லை. நாகர்கோவில் வரைக்கும் போய், மேல்டிக்கெட் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நீங்கள் நாகர்கோவில்தானே போகிறீர்கள். வள்ளியூர் வந்ததும் நான் தூங்குகிற மாதிரி இருப்பேன். தூங்க மாட்டேன். தோளில் ஒரு தட்டுத் தட்டி, இறங்குங்கள் என்று சொல்லிவிடுங்கள்.